பிரம்ம கமலம்: பேரு ஒண்ணு, செடி வேற வேற

வருஷா வருஷம் கோடை முடிஞ்சு மழை ஆரம்பிக்கிற நேரத்துல இந்த நியூஸ் எங்கிருந்தாவது வந்துடும். "இமயமலையில் மட்டுமே பூக்கும் அபூர்வ பிரம்ம கமலம் வீட்டுத் தோட்டத்தில் பூத்தது, பொதுமக்கள் திரண்டு வழிபாடு." கூடவே ஒரு போட்டோ இருக்கும், ராத்திரி பத்து மணி, தொட்டிச் செடியில வெள்ளை வெளேர்னு கை அகலத்துக்கு ஒரு பூ, முன்னாடி சூடம் எரியுது, தண்டுல குங்குமம். அடுத்த நாள் வாட்ஸ்அப்ல அதே பூவோட "14 வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும்"னு ஒரு ஃபார்வர்டு. இன்னொரு பக்கம் உத்தராகண்டோட மாநிலப் பூ பிரம்ம கமலம்னு பொது அறிவுப் புத்தகத்துல படிச்சிருப்போம், அதோட படத்தைத் தேடிப் பாத்தா வெளிர் மஞ்சளும் பச்சையும் கலந்த முட்டைக்கோஸ் மாதிரி ஏதோ ஒண்ணு பாறைக்கு நடுவுல நிக்குது. எது நிஜம்?

சுருக்கமா சொன்னா ரெண்டும் நிஜமான செடிதான், ஆனா ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. ஒண்ணு சூரியகாந்திக் குடும்பம், இன்னொண்ணு கள்ளிக் குடும்பம். இமயமலைச் செடியோட பெருமை மொத்தமும் தொட்டிச் செடிக்குப் போயிடுச்சு. தொட்டிச் செடியோட வசதியான வாழ்க்கையைப் பாத்துட்டு இமயமலைச் செடியும் அப்படித்தான் எங்கயும் கிடைக்கும்னு நினைக்கிறோம். பேருல வந்த குழப்பம்தானேன்னு விட்டுடலாம்னா முடியல, அதுக்குப் பின்னாடி நிஜமான நஷ்டம் இருக்கு. அடிப்படையில இருந்து பாப்போம்.

பேரு எங்க இருந்து வந்துச்சு

புராணத்துல திருமாலோட தொப்புள்ல இருந்து ஒரு தாமரை கிளம்புது, அதுல பிரம்மா உக்காந்திருக்கார். அந்தக் கதைப்படி பாத்தா பிரம்மாவோட கமலம்னா குளத்துத் தாமரைதான் வரணும், அதாவது மூணாவதா ஒரு செடி. மகாபாரதத்துல பாஞ்சாலி ஆசைப்பட்டு பீமன் தேடிப்போற சௌகந்திகப் பூவும் இதுதான்னு ஒரு கட்சி சொல்லுது, இல்ல அது வேற பூன்னு இன்னொரு கட்சி. கதையை வெச்சு செடியை அடையாளம் காட்ட முடியாது, அதனால அந்த வழக்கை அப்படியே விட்டுடலாம்.

நடைமுறையில என்ன ஆச்சுன்னா, இமயமலைப் பக்கம், முக்கியமா உத்தராகண்டோட கார்வால் குமாவோன் பகுதியில, பாறைச் சரிவுல வளர்ற ஒரு செடியை பிரம்ம கமல்னு சொல்றாங்க. பத்ரிநாத், கேதார்நாத் கோயில்கள்ல படைக்கிறதும் நந்தாதேவிக்குப் படைக்கிறதும் அதைத்தான். தெற்குலயும் மகாராஷ்டிராவுலயும் அந்தச் செடியை கண்ணால பாத்தவங்க கம்மி. அங்கெல்லாம் ராத்திரியில பூக்கிற ஒரு வெளிநாட்டுக் கள்ளிப் பூவுக்கு அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. பெரிய வெள்ளைப் பூ, நடுவுல பாம்பு படம் எடுத்த மாதிரி சூலகம், அதுல அனந்தசயனத்தையும் பிரம்மாவையும் பாக்கிறது மனுஷனுக்கு ரொம்ப இயல்பு. கேரளாவுல அதுக்கு நிஷாகந்தின்னு அழகான பேரு இருக்கு, தமிழ்லயும் அந்தப் பேரு புழங்குது. இந்தக் கட்டுரையில இனிமே குழப்பம் வேண்டாம், இமயமலைச் செடிதான் பிரம்ம கமலம், தொட்டிச் செடி நிஷாகந்தி.

பிரம்ம கமலம்னா என்ன செடி

அறிவியல் பேரு சாஸ்ஸூரியா ஆப்வல்லாட்டா. ஆல்ப்ஸ் மலையை அலசி ஆராய்ஞ்ச சுவிஸ் விஞ்ஞானி ஒராஸ் பெனடிக்ட் டி சாஸ்ஸூர், அவரோட பையன் நிக்கோலா தியோடர், இவங்க நினைவா வெச்ச பேரு முதல் பாதி. ரெண்டாவது பாதிக்கு லத்தீன்ல "சுத்தி மதில் கட்டின"ன்னு அர்த்தம். ஏன் மதில்னு கீழ வருது, இந்தச் செடியோட மொத்த சூட்சுமமும் அந்த ஒரு சொல்லுக்குள்ள இருக்கு.

இது ஆஸ்டரேசி குடும்பம். இந்தக் குடும்பம் நமக்கு நல்லா தெரிஞ்சதுதான், சூரியகாந்தி, சாமந்தி, துலுக்கச் சாமந்தி, கரிசலாங்கண்ணி, ரோட்டோரத்துல மூக்குத்தி மாதிரி பூக்கிற வெட்டுக்காயப் பூண்டு, எல்லாரும் திட்டுற பார்த்தீனியம், எல்லாம் ஒரே வீடு. இவங்களோட பொது குணம் ஒண்ணு இருக்கு. நாம "ஒரு பூ"ன்னு சொல்றது ஒரு பூவே கிடையாது. ஒரு சின்ன தட்டு மேல நிறைய குட்டிப் பூக்கள் நெருக்கியடிச்சு உக்காந்திருக்கும், அந்த மொத்தக் கூட்டமும் சேர்ந்து வெளியில இருந்து பாக்க ஒரு பூ மாதிரி தெரியும். தாவரவியல்ல இதை தலைமஞ்சரின்னு சொல்வாங்க. சூரியகாந்தியில ஓரத்துல நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற மஞ்சள் "இதழ்" ஒவ்வொண்ணும் ஒரு தனிப் பூ, நடுவுல இருக்கிற குழல் ஒவ்வொண்ணும் ஒரு தனிப் பூ, அதனாலதான் நடுவுல ஒவ்வொரு குழலுக்கும் ஒரு விதை கிடைக்குது.

பிரம்ம கமலத்துல ஓரத்து நாக்குப் பூ கிடையாது, எல்லாமே குழல் பூ. ஏன்னா இது அந்தக் குடும்பத்துக்குள்ள முள் திசில் வகையைச் சேர்ந்தது, எண்ணெய் எடுக்கிற குசும்பாவும் அதே கிளைதான். அதனால இதைப் பாத்தா சாமந்தியோட சொந்தம்னு யாருக்கும் தோணாது.

செடியைப் பாத்தா இப்படி இருக்கும். தரையை ஒட்டி தடிச்ச வேர்த்தண்டு, பழைய இலைக்காம்பு காய்ஞ்சு போர்வை மாதிரி அதைச் சுத்தி இருக்கும். அதுல இருந்து ஒரே ஒரு தண்டு நிமிர்ந்து கிளம்பும், பொதுவா முழங்கால் உயரத்தைத் தாண்டாது. தண்டு உச்சியில ஊதா கலர்ல ஆறுல இருந்து பத்து தலைமஞ்சரி வரைக்கும் ஒண்ணா அடைஞ்சு கிடக்கும். ஆனா தூரத்துல இருந்து பாத்தா இந்த ஊதா தெரியவே தெரியாது. மேல் இலைகள் வெளிர் மஞ்சளா, காகிதம் மாதிரி மெல்லிசா, படகு மாதிரி குழிஞ்சு, இந்தக் கூட்டத்தைச் சுத்தி மூடிக்கிட்டு நிக்கும். போட்டோவுல நாம இதழ்னு நினைக்கிற அந்த வெளிர் மஞ்சள் பாகம் இதழே கிடையாது, இலை! நிஜப் பூ உள்ள ஒளிஞ்சிருக்கு.

அந்த மதில் எதுக்கு

இது வளர்ற இடத்தை யோசிச்சா புரியும். பாகிஸ்தான்ல இருந்து நம்ம நாடு, நேபாளம், பூட்டான், தென்மேற்கு சீனா வரைக்கும் இமயமலை நெடுக, தோராயமா 3,000 மீட்டருக்கு மேல, 4,700, 4,800 மீட்டர் வரைக்கும். மரம் நிக்கிற எல்லை முடிஞ்சு புல்வெளி ஆரம்பிக்கிற இடம், உத்தராகண்ட்ல இதை புக்யால்னு சொல்வாங்க, அதுக்கும் மேல சரளைக்கல்லும் உடைஞ்ச பாறையும் கிடக்கிற சரிவு. வருஷத்துல பாதி நாள் பனி மூடிக் கிடக்கும். மிச்ச நாள்ல வளர்ந்து, பூத்து, விதையும் முத்தணும். அதுலயும் பூக்கிற நேரம் ஜூலையில இருந்து செப்டம்பர், சரியா மலையில பருவமழை அடிச்சு ஊத்துற நேரம். பகல்ல வெயில் வந்தா தோலைக் கருக்குற புற ஊதா, ராத்திரி ஆனா உறையிற குளிர், நடுவுல மழை, ஆலங்கட்டி, காத்து.

இப்ப அந்த உறையோட வேலையைப் பாருங்க:

1. மழை. மகரந்தம் நனைஞ்சா வீணாப் போயிடும். மேல குடை மாதிரி மூடியிருந்தா தண்ணி வழிஞ்சு வெளிய போகும்.

2. குளிர். உறை மெல்லிசு, வெளிச்சத்தை உள்ள விடும், உள்ள இருக்கிற சூடு சட்டுனு வெளிய போகாது, காத்தும் உள்ள புகுந்து அடிக்காது. தோட்டக்காரங்க கண்ணாடிக் கூண்டு கட்டி நாத்து வளர்க்கிற அதே வித்தை. இமயமலையில வேற குடும்பத்துச் செடிகள்லயும் இதே அமைப்பு தனித்தனியா உருவாகியிருக்கு, அதுங்களை கண்ணாடிவீட்டுச் செடிகள்னே தாவரவியல்காரங்க சொல்றாங்க.

3. விருந்தாளி. அந்த உயரத்துல தேனீ கம்மி, வேலை முழுக்க கொழுகொழுன்னு ரோமம் போர்த்தின பம்பிள் வண்டுத் தேனீதான் பாக்குது. சாம்பல் பாறைக்கு நடுவுல அந்த வெளிர் மஞ்சள் அதுக்கு தூரத்துலயே தெரியும்.

இதோட சகோதர இனங்கள் இதே பிரச்சனைக்கு வேற வழி கண்டுபிடிச்சிருக்கு. ஃபேன் கமல்னு மலைக்காரங்க சொல்ற இனம் உடம்பு முழுக்க பஞ்சு போர்த்திக்கிட்டு நிக்கும், தூரத்துல பாத்தா யாரோ கம்பளி நூல் பந்தைக் கல்லு மேல வெச்சிட்டுப் போன மாதிரி. ஒருத்தர் ரெயின்கோட், ஒருத்தர் ஸ்வெட்டர்.

குளிர் வந்தா மேல இருக்கிற தண்டு இலை எல்லாம் செத்துப்போகும். வேர்த்தண்டு மட்டும் பனிக்கு அடியில உயிரோட கிடந்து வசந்தத்துல மறுபடி துளிர்க்கும். பல்லாண்டுச் செடின்னு சொல்றது இதைத்தான். ஆக ஒரு செடிக்கு வருஷத்துல ஒரே ஒரு வாய்ப்பு, ஒரே ஒரு தண்டு. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, கடைசியில தேவைப்படும்.

தொட்டியில பூக்கிறது யாரு

நிஷாகந்தி, அறிவியல் பேரு எபிஃபில்லம் ஆக்ஸிபெட்டலம். சொந்த ஊர் மெக்சிகோவோட தென்பகுதி, குவாத்தமாலா பக்கம். கள்ளிதான், ஆனா பாலைவனக் கள்ளி இல்ல, ஈரக்காட்டுல மரத்து மேல தொத்திக்கிட்டு வளர்ற கள்ளி. மரத்தை உறிஞ்சாது, சும்மா ஏறி உக்காந்திருக்கும்.

"இலையில இருந்து பூ வருது பாருங்க அதிசயம்"னு எல்லா நியூஸ்லயும் ஒரு வரி இருக்கும். அது இலை இல்ல, தட்டையான தண்டு. பெரும்பாலான கள்ளிக்கு இலை கிடையாதுங்கிறது இங்கயும் மாறல, தண்டே பட்டையா, பச்சையா, இலை வேலையைப் பாக்குது. தண்டுல மொட்டு வர்றதுல என்ன அதிசயம்? வேடிக்கை என்னன்னா பேரு வெச்சவங்களே ஏமாந்திருக்காங்க, எபிஃபில்லம்னாலே கிரேக்கத்துல "இலை மேல"ன்னு அர்த்தம்.

ராத்திரி மட்டும் ஏன் பூக்குது? கூட்டாளி ராத்திரிக்காரன், அவ்வளவுதான். நீளமான குழலுக்கு அடியில தேன், அதை எட்ட நீள உறிஞ்சுகுழல் வேணும், அது இருக்கிறது பருந்து அந்துப்பூச்சிகிட்ட. இருட்டுல அதைக் கூப்பிட வெள்ளை நிறமும் ஊரைத் தூக்குற வாசனையும். பொழுது சாஞ்சதும் விரிய ஆரம்பிச்சு, நள்ளிரவுக்கு முழுசா மலர்ந்து, விடியறதுக்குள்ள தலை தொங்கிடும். பிரம்ம கமலம் பகல் வேலைக்காரன், வாரக்கணக்குல நிக்கும். இது ஒரு ராத்திரி விருந்து.

இதுல ஒரு கூத்து இருக்கு. இமயமலைச் செடியை முதல்ல முறைப்படி விவரிச்சு எழுதினவர் ஜெனீவாக்காரரான அகஸ்டின் பிராமஸ் டி கண்டோல், 1838ல. சாஸ்ஸூரியாங்கிற பேரினத்துக்கு 1810லயே பேரு வெச்சவரும் அவர்தான். இந்த மெக்சிகோ கள்ளியை 1828ல முதல்ல விவரிச்சவர் யாருன்னு பாத்தா, அதே டி கண்டோல். ரெண்டுக்கும் அவர் வெச்ச முதல் பேர்களை பின்னாடி வேற ஆட்கள் இப்ப இருக்கிற பேரினத்துக்கு மாத்தினாங்க. பத்து வருஷ இடைவெளியில ஒரே மனுஷன் கையால தனித்தனிக் குடும்பத்துல எழுதி வெச்ச ரெண்டு செடியை நாம ஒரே பேருல ஒண்ணாக்கிட்டோம்.

பாத்த உடனே எப்படி கண்டுபிடிக்கிறது

1. இடம்: தொட்டி, மாடி, வீட்டுச் சுவரோரம்னா நிஷாகந்தி. சந்தேகமே வேண்டாம்.

2. நேரம்: ராத்திரி ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோன்னா நிஷாகந்தி.

3. நிறம்: தூய வெள்ளை, கூரான பல இதழ், நடுவுல மகரந்தத் தாள் கற்றையா இருந்தா நிஷாகந்தி. வெளிர் மஞ்சள் பச்சைக் காகிதக் கிண்ணத்துக்குள்ள ஊதா உருண்டைகள்னா பிரம்ம கமலம்.

4. உடம்பு: தட்டையா நீளமா தொங்குற பச்சைப் பட்டை நிஷாகந்தி. நிமிர்ந்த ஒத்தைத் தண்டு, ஓரத்துல பல் வெட்டின இலை பிரம்ம கமலம்.

5. உயரம்: இதுதான் என்னைக் கேட்டா ஒரே அடியில வழக்கை முடிக்கிற சாட்சி. தென்னிந்தியாவோட உச்சமே ஆனைமுடி, 2,695 மீட்டர். தொட்டபெட்டா 2,637. பிரம்ம கமலம் ஆரம்பிக்கிற உயரத்தைத் தொடுற ஒரு மலை கூட நம்ம பக்கம் இல்ல. அப்படி இருக்க கடல் மட்டத்துல, மே மாச வெக்கையில, சிமெண்ட் தொட்டியில அது எப்படி பூக்கும்?

மாநிலச் சின்னத்துல, தபால்தலையில வர்றது எதுன்னு கேட்டா, அதெல்லாம் இமயமலைச் செடிதான். 1982ல தபால்துறை இமயமலைப் பூக்கள்னு ஒரு வரிசை வெளியிட்டப்ப அதுல பிரம்ம கமலமும் இருந்துச்சு. 2022 குடியரசு தினத்துல பிரதமர் போட்டிருந்த உத்தராகண்ட் தொப்பியில குத்தியிருந்ததும் இதோட உருவம்தான்.

12 வருஷம், 14 வருஷம் கணக்கு

ரெண்டு செடியுமே அப்படி கிடையாது. பிரம்ம கமலம் ஒவ்வொரு வருஷமும் மழைக்காலத்துல மலையில பூக்குது, போறவங்க பாக்கிறாங்க. விதையில இருந்து வர்ற ஒரு தனிச் செடி பூக்கிற அளவு வளர சில வருஷம் ஆகலாம், அது எல்லா உயர்மலைச் செடிக்கும் உள்ளதுதான். நிஷாகந்தி அதைவிட தாராளம், நல்லா வளர்ந்த செடின்னா ஒரே வருஷத்துல பல தடவை, ஒரே ராத்திரியில பத்து இருபது மொட்டு கூட விரியும். வெட்டி வெச்ச தண்டு ஒண்ணு ரெண்டு வருஷம் சும்மா இருந்துட்டு திடீர்னு பூத்தா, பூக்காம இருந்த வருஷத்தையெல்லாம் கூட்டி ஒரு அதிசயமா மாத்திடறோம்.

இந்த மாதிரி செய்தி தமிழ்நாட்டுல சட்டுனு நம்பப்படுறதுக்கு ஒரு நியாயமான காரணம் இருக்குன்னு நினைக்கிறேன். நம்மகிட்ட குறிஞ்சி இருக்கு. 12 வருஷத்துக்கு ஒரு தடவை மலையே நீலமா மாறுறது கட்டுக்கதை இல்ல, 2006ல பூத்தது, 2018ல பூத்தது, அடுத்தது 2030. குறிஞ்சிச் செடி அந்த 12 வருஷமும் வளர்ந்து, ஒரே தடவை கூட்டமா பூத்து, விதை போட்டு செத்துப்போகும். அப்படி ஒரு நிஜத்தைப் பாத்த ஊர்ல இன்னொரு பூவுக்கும் அதே கணக்கு சொன்னா யாருக்கும் இடிக்காது. ஆனா குறிஞ்சியோட கணக்கு குறிஞ்சிக்கு மட்டும்தான்.

சரி, பேரு மாறினா என்ன கெட்டுப்போச்சு

முதல் சிக்கல் மருந்து. திபெத்திய வைத்தியத்துலயும் மலைக்காரங்க கை வைத்தியத்துலயும் பிரம்ம கமலத்துக்கு இடம் இருக்கு. அந்தக் குணங்களைப் பட்டியல் போட்ட கட்டுரையை எடுத்து, மேல நிஷாகந்தி போட்டோவை ஒட்டி, "வீட்டிலேயே இருக்கும் மூலிகை"ன்னு பரப்புறாங்க. ஒரு சூரியகாந்திக் குடும்பச் செடியோட வேதிப்பொருளும் ஒரு கள்ளியோட வேதிப்பொருளும் ஒண்ணா இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. இந்தச் செடியைப் பத்திச் சொன்னது அந்தச் செடிக்குப் பொருந்தாது, வேப்பிலையோட குணத்தைச் சொல்லி கறிவேப்பிலையைக் கையில கொடுக்கிற மாதிரிதான். யாரும் கஷாயம் வெச்சுக் குடிக்காதீங்க.

ரெண்டாவது சிக்கல் வியாபாரம். "ஒரிஜினல் இமயமலை பிரம்ம கமலம்"னு ஆன்லைன்ல விதையும் நாத்தும் விக்கிறாங்க. இங்க ரெண்டே வாய்ப்புதான். ஒண்ணு, வர்றது நிஷாகந்தித் தண்டு, அப்ப பக்கத்து வீட்ல ஒரு துண்டு கேட்டு வாங்கியிருந்தாலே போதும், வெட்டி மண்ணுல சொருகினா வந்துடும். இல்லன்னா நிஜமாவே மலையில இருந்து எடுத்த விதை, அது சமவெளியில முளைச்சுத் தப்பிக்கப் போறதில்ல, மலையில விழுந்திருந்தாலாவது ஏதோ ஒண்ணு ரெண்டு செடியாகியிருக்கும். காசு போனது கூட பரவாயில்ல, விதை போச்சு.

மூணாவதுதான் பெருசு, அதுக்கு கொஞ்சம் விரிவா போகணும்.

ஒரு பூ பறிச்சா எத்தனை போகுது

மல்லிகைச் செடியில ஒரு பூ பறிச்சா செடிக்கு ஒண்ணும் ஆகாது, நாளைக்கு பத்து மொட்டு வரும். நிஷாகந்தியும் அப்படித்தான், பூவைப் பறிச்சு சாமிக்கு வெச்சாலும் செடி கவலைப்படாது, நம்ம ஊர்ல அது பரவுறதே தண்டு மூலமாத்தான். பிரம்ம கமலத்துல "ஒரு பூ"ன்னு பறிக்கிறது என்னன்னு மேல பாத்தோம். உறையோட சேர்த்து உச்சியை ஒடிச்சா அந்தச் செடியோட எல்லா தலைமஞ்சரியும், அதுக்குள்ள இருக்கிற எல்லா குட்டிப் பூவும், அந்த வருஷத்து மொத்த விதையும் ஒரே பிடியில போயிடுது. வேரோட வந்துட்டா செடியே போச்சு.

மலைக்காரங்க இது தெரியாம இல்ல. நந்தாஷ்டமிக்கு முன்னாடி பிரம்ம கமலத்தைத் தொடக்கூடாதுன்னு அங்க ஒரு கட்டுப்பாடு இருக்கு. அது ஆகஸ்ட் செப்டம்பர்ல வர்ற நாள். அதுக்கப்புறம்தான் விரதம் இருந்து, வெறுங்கால்ல மேல ஏறி, தேவிக்குன்னு கொண்டுவருவாங்க. பூக்க ஆரம்பிச்சு பல வாரம் கழிச்சு வர்ற தேதி அது, முதல்ல பூத்ததுல கொஞ்சமாவது விதை பிடிக்க அவகாசம் கிடைக்குது. சாமி பேருல போட்ட அறுவடைத் தடைன்னே இதைச் சொல்லலாம்.

இந்தக் கட்டுப்பாடு ஒரு கிராமம், ஒரு திருவிழாங்கிற அளவுக்கு சரியா வேலை செஞ்சுது. இப்ப அளவு வேற. 2023ல கேதார்நாத்துக்கு மட்டும் 19 லட்சம் பேருக்கு மேல போயிருக்காங்க. இதுல ஆயிரத்துல ஒருத்தர் ஒரு பூ கேட்டாலே கிட்டத்தட்ட ரெண்டாயிரம் தண்டு. கேக்கிறவங்க இருந்தா பறிக்கிறவங்களும் இருப்பாங்க, அவங்க நந்தாஷ்டமி வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க, ஏன்னா யாத்திரை சீசன் மே மாசமே ஆரம்பிச்சிடுது. தெற்கே இருந்து போறவங்க மனசுல "நம்ம வீட்டு மாடியில பூக்கிறதுதானே"ங்கிற நினைப்பும் இருந்தா பறிக்க கை கூசாது. பேருக் குழப்பம் நேரா செடியில கை வைக்கிற இடம் இதுதான்.

பறிக்கிறதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு. எல்லாருமே இருக்கிறதுல பெரிய பூவாப் பாத்துத்தான் எடுப்பாங்க. அப்படி எடுத்துக்கிட்டே இருந்தா என்ன ஆகும்னு இதோட சகோதர இனத்துல பாத்திருக்காங்க. யுன்னான், திபெத் பக்கம் பனித்தாமரைன்னு மருந்துக்குப் பறிக்கிற சாஸ்ஸூரியா லானிசெப்ஸ். நூறு வருஷத்துக்கு மேல சேர்த்து வெச்ச உலர் தாவர மாதிரிகளை அளந்து 2005ல வேய்ன் லா, ஜேன் சாலிக் ரெண்டு பேரும் வெளியிட்ட ஆய்வுப்படி, அந்தச் செடி காலப்போக்குல குள்ளமாயிட்டே வந்திருக்கு. அதே மலையில வளர்ற, ஆனா அவ்வளவா பறிக்கப்படாத இன்னொரு சாஸ்ஸூரியா இனம் குள்ளமாகல. அதனால பழியை வானிலை மேல போட முடியல. பெருசா வளர்ந்தது விதை போடுறதுக்குள்ள மனுஷன் எடுத்துடறான், குட்டையா நின்னது தப்பிச்சு விதை போடுது, அடுத்த தலைமுறை குட்டையாவே வருது. நல்ல நெல்லை எல்லாம் சாப்பிட்டுட்டு பதரை விதைநெல்லா வெச்ச கதை.

இதோட வெப்பநிலை ஏறுறதும் சேருது. கீழ சூடாக ஆக, புல்லும் புதரும் மேல ஏறி வரும், குளிர் விரும்புற செடி அதுக்கும் மேல போகணும். மேல போகப் போக சரிவுல மண் கம்மி, பாறை ஜாஸ்தி, மலையோட பரப்பே கூம்பு மாதிரி குறுகிக்கிட்டு போகும்.

இந்தக் குடும்பத்துல ஏற்கனவே ஒருத்தர் மாட்டியிருக்கார்

பிரம்ம கமலத்தோட நெருங்கின சொந்தம் ஒண்ணு நமக்கு ரொம்ப நாளாவே பழக்கம். நாட்டு மருந்துக் கடையில கோஷ்டம்னு கேட்டா ஒரு வேர் கொடுப்பாங்க. பழைய உரைகள்ல "கொட்டம் துருக்கம் தகரம் அகில் ஆரம்"னு ஐந்து விரை, அதாவது குளிக்கிற தண்ணியில போடுற அஞ்சு வாசனைப் பொருள், வருதே, அதுல முதல்ல நிக்கிற கொட்டம் இதுதான். சாஸ்ஸூரியா காஸ்டஸ், அதே பேரினம், அதுவும் இமயமலை. அங்கிருந்து இங்க வரைக்கும் அந்தக் காலத்துலயே வேர் வந்து சேர்ந்திருக்கு.

வேருக்காக தோண்டித் தோண்டி காட்டுல அது அத்துப்போற நிலைக்கு வந்துடுச்சு. சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்துற சைட்டீஸ் ஒப்பந்தத்துல 1985ல இருந்து முதல் பட்டியல்ல இருக்கு, புலி இருக்கிற அதே பட்டியல். நம்ம நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல செடிகளுக்குன்னு தனி அட்டவணை போட்டப்ப மொத்தமே ஆறு இடம்தான், அதுல ஒண்ணு கோஷ்டத்துக்கு. இமாசலத்துல லாஹௌல் பக்கம் சாகுபடி பண்றாங்க, மருந்துக்கு அந்த வழி இருக்கு.

பிரம்ம கமலத்துக்கு அந்த வழியும் கஷ்டம், ஏன்னா கேக்கிறவங்க வேரைக் கேக்கல, மலையில இருந்து வந்த பூவைத்தான் கேக்கிறாங்க. இப்போதைக்கு அதுக்கு இருக்கிற பாதுகாப்பு பெரும்பாலும் இடத்தை வெச்சு வர்றது. உதாரணத்துக்கு பூக்களின் பள்ளத்தாக்கு 1982ல இருந்து தேசியப் பூங்கா, 2005ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்லயும் சேர்ந்தாச்சு, உள்ள எந்தச் செடியையும் பறிக்கக்கூடாது. பூங்கா எல்லைக்கு வெளிய, யாத்திரைப் பாதை ஓரத்துல நிக்கிற செடிக்கு அந்த வேலி இல்ல. அங்க கடையில தட்டுல வெச்சு வித்தா அது எந்தச் சரிவுல எந்த மாசம் ஒடிச்சதுன்னு வாங்குறவங்களுக்குத் தெரிய வழி இல்ல, ஆனா உறையைப் பிரிச்சுப் பாத்தா ஒண்ணு மட்டும் தெரியும்: உள்ள ஊதாப் பூ இன்னும் வாடாம ஈரமா இருந்தா விதை பிடிக்கல, காய்ஞ்சு பழுப்பு ரோமம் தெரிஞ்சா பிடிச்சிருக்கு.